பழைய டிராக்டருக்குப் புது ஒயரிங்

நமது சங்க இதழில் டிராக்டர் ஒயரிங் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோர் ரயில்வே, வங்கி, ஆலை என்று உத்தியோகம் பார்க்க வடக்கே வந்தவர்கள். ஏர் பிடித்த கை நம் தாத்தாக்களோடு போயிற்று. ஆனாலும் இரண்டு காரணங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்று, ஊரில் இன்னும் நிலபுலன் உள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அண்ணனோ மைத்துனரோ பார்த்துக்கொள்ளும் அந்த நிலத்தில் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய டிராக்டர் ஒன்று தொழுவத்து ஓரமாக நின்றுகொண்டிருக்கும். எஞ்சின் கல்லைப் போல உறுதியாக இருக்கும், விளக்குதான் எரியாது. லீவில் ஊருக்குப் போகிறபோது இரண்டு நாள் ஒதுக்கினால் அதைச் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது காரணம் நம் எல்லோருக்கும் பொது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் இரவில் சாலையில் போனவர்களுக்கு இது தெரியும். பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று புலப்படாத மூடுபனி. அதே மாதங்களில்தான் கரும்பு ஆலைகளின் அரவையும் நடக்கும். மலை போல் கரும்பு ஏற்றிய டிராலிகள் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும். பல டிராலிகளின் பின்புறம் ஒரு சிவப்புப் பொட்டு வெளிச்சம்கூட இருக்காது. பின்னால் வேகமாக வருகிற காருக்கு அது டிராலி என்று தெரியும்போது பிரேக் போட இடம் இருக்காது. அந்தக் காரில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். என் சர்வீசில் பெரும்பகுதி ஜகாத்ரி ஒர்க்‌ஷாப்பில், ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பாட்டரி வேலையில் கழிந்தது. ஓய்வு பெற்றபின் யமுனாநகரிலேயே தங்கிவிட்டேன். சுற்றுப்புறத்துக் கிராமங்களில் நண்பர்கள் அதிகம். "இஞ்சினியர் சாப், சற்று வந்து பாருங்கள்" என்று அவர்கள் கூப்பிட்டதில் பழைய டிராக்டர்களின் ஒயரிங் எனக்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகிவிட்டது. அதில் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

அது மாசி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், 35 குதிரைசக்தி. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் டைனமோவும் ஸ்டார்ட்டரும் லூகாஸ்-டிவிஎஸ். 1961இல் தொடங்கிய அந்தக் கம்பெனியும் சென்னை பாடியில் இருப்பதுதான். ஹரியானாவில் ஒரு சௌத்ரியின் தொழுவத்தில், மண்ணும் கிரீசும் படிந்த தகட்டைத் துடைத்ததும் 'மெட்ராஸ்' என்ற எழுத்து தெரிந்தது. ஊர்க்காரரைச் சந்தித்த மகிழ்ச்சிதான்!

ஆனால் ஒயரிங்கைப் பார்த்ததும் மகிழ்ச்சி குறைந்தது. கம்பெனி போட்ட ஒயர்கள் வெயிலில் வெடித்து, அங்கங்கே செம்பு தெரிந்தது. அவ்வப்போது வந்த மிஸ்திரிகள், கையில் கிடைத்த ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை ஒயரில் தொடங்குவது வழியில் சிவப்பாகி, கடைசியில் கறுப்பாக முடிந்தது. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. முன்விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. பின்விளக்கு எரியவே இல்லை. "பின்விளக்கு எதற்கு? நான் முன்னால்தானே பார்த்து ஓட்டுகிறேன்" என்றார் சௌத்ரி.

இந்த நிலையில் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. வேட்டி ஒரு இடத்தில் கிழிந்தால் தைக்கலாம். இற்றுப்போன வேட்டியைத் தைத்தால் ஊசி போன இடமெல்லாம் கிழியும். பழைய ஒயரிங்கும் அப்படித்தான். முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சிக்கனம்.

கரண்ட் திரும்பும் வழி

வேலையில் இறங்குமுன் ஒரு அடிப்படை விஷயம். மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. விளக்கு வழியாகப் போய் மறுபடியும் பாட்டரிக்கே திரும்பி வர வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தும் விளக்கு எரியாது.

ரயில் பெட்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர்கள் உண்டு. ஒன்று போக, ஒன்று வர. பெட்டியின் இரும்பு உடம்போடு இரண்டுக்கும் ஒட்டு உறவே கூடாது. தப்பித் தவறி ஒயர் உடம்பைத் தொட்டிருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. டிராக்டரில் கதை வேறு. போவதற்கு மட்டும் ஒயர். திரும்பி வர டிராக்டரின் இரும்பு உடம்பேதான் வழி. இதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். வீட்டில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுப் புதைக்கும் எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே எர்த் என்றால் உடம்பு, அவ்வளவுதான். நமது கார், ஸ்கூட்டரிலும் இதே முறைதான்.

இந்த முறையில் ஒயர் மிச்சம். ஆனால் உடம்பு என்பது ஒரே இரும்பல்லவே! பானெட் ஒரு தகடு, மட்கார்டு ஒரு தகடு, விளக்கைத் தாங்கும் பட்டை ஒன்று. எல்லாம் போல்ட் போட்டு இணைத்தவை. போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட், துரு, சேறு. ஒயரைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வழியைப் பார்க்க முடியாது. அதனால் இதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. நான் பார்த்த பழைய டிராக்டர்களில், எரியாத விளக்குகளில் பாதிக்கு மேல் பல்பிலும் கோளாறு இல்லை, ஒயரிலும் கோளாறு இல்லை. எர்த்தில்தான் கோளாறு.

முதலில் படம்

பழைய ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள். எர்த் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரணம் உண்டு. மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி டிராக்டரின் உடம்பைத் தொட்டால், பாட்டரி அந்த ஸ்பேனர் வழியாகவே முழு வேகத்தில் பாயும். ஸ்பேனர் பழுத்துவிடும்; பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கவும் கூடும்.

கழற்றும்போதே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உடம்போடு இணைந்திருப்பது பாட்டரியின் பாசிட்டிவ் முனையா, நெகட்டிவ் முனையா? இப்போதைய வண்டிகளில் நெகட்டிவ்தான். ஆனால் பழைய பிரிட்டிஷ் வகை டிராக்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே உடம்போடு இணைந்திருக்கும். இது தெரியாமல் பாட்டரியை மாற்றி மாட்டினால் டைனமோவும் கட்-அவுட்டும் கெடும்.

பிறகு ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் சீட்டுக் கட்டி எண் எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் போடுங்கள். டிராக்டரின் ஒயரிங் பெரிய வித்தையல்ல. மொத்தம் ஐந்து கிளைகள்: ஸ்டார்ட்டர், சார்ஜிங், முன்விளக்கு, பின்விளக்கு, ஹாரன் வகையறா. ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாக வரைந்தால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

பழைய லூகாஸ் ஒயரிங்கில் நிறத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பாட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு. சாவி போட்டபின் கரண்ட் வருவது வெள்ளை. அதிலிருந்து ஃப்யூஸ் தாண்டி வருவது பச்சை. முன்விளக்குக்கு நீலம், பின்விளக்குக்கும் சிறுவிளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. புது ஒயர் வாங்கும்போதும் இதே நிறங்களை வாங்குங்கள். நான்கு வருஷம் கழித்து இரவு நேரத்தில் வயல் நடுவே டார்ச் பிடித்துக்கொண்டு கோளாறு தேடப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

எவ்வளவு கனமான ஒயர்?

கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வரக் கூடாது. கணக்குப் போட வேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இரண்டு முன்விளக்கு, ஒவ்வொன்றும் 45 வாட் என்றால் 90 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 7.5 ஆம்பியர். உழவு விளக்கு 35 வாட், சுமார் 3 ஆம்பியர். பின்விளக்கு டிராக்டரில் இரண்டு, டிராலியில் இரண்டு, ஒவ்வொன்றும் 5 வாட். நான்கும் சேர்ந்தே 2 ஆம்பியர் ஆகாது. எல்லாம் எரிந்தால் கூட்டுத்தொகை 12 ஆம்பியர் அளவில் வரும்.

மோட்டார் வண்டிக்கான மெல்லிழை ஒயரில், 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 சேர்ந்தால் ஒரு சதுர மில்லிமீட்டர். 28 சேர்ந்தால் இரண்டு. பின்விளக்குக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் போதும். முன்விளக்குக்கு இரண்டு அல்லது இரண்டரை. டைனமோவிலிருந்து கட்-அவுட், அம்மீட்டர் வழியாகப் பாட்டரிக்குப் போகும் ஒயர் நான்கு. ஸ்டார்ட்டர் கேபிள் 35க்குக் குறையக் கூடாது. பாட்டரி தூரத்தில் இருந்தால் 50. குளிர்காலத்தில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். பார்க்கச் சிறிது, ஆனால் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி ஒயர் வேண்டும்.

வீட்டில் மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயரை எக்காரணம் கொண்டும் டிராக்டரில் போடாதீர்கள். டிராக்டர் நாள் முழுவதும் அதிர்கிற இயந்திரம். ஒற்றைக் கம்பி சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். மேலே உறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இணைப்புகளில் முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாம். முனைகளில் சரியான அளவு 'லக்' வைத்து, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அழுத்தியபின் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நான் அதிர்வு உள்ள இடங்களில் விரும்புவதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி இறுகிவிடும்; அது முடியும் இடத்தில் ஒயர் ஆடி ஆடி அறுந்துபோகும்.

தகட்டுத் துவாரத்தின் வழியாக ஒயர் போகும் இடங்களில் எல்லாம் ரப்பர் வளையம் போட வேண்டும். சைலென்சரிலிருந்து விலகிப் போக வேண்டும். ஒரு அடிக்கு ஒரு கிளிப். ஒயர்க்கட்டின் மேல் பிளாஸ்டிக் குழாய் உறை. குளிர்காலத்தில் எலிகள் டிராக்டருக்குள்தான் குடித்தனம் வைக்கும். உறை இல்லாத ஒயர் அவற்றுக்குக் கடலை மிட்டாய்.

ஃப்யூஸ் காப்பது எதை?

ஃப்யூஸ் பல்பைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஒயரைக் காப்பது. பாட்டரி 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று ஏமாறக் கூடாது. ஒயர் உடம்பில் பட்டால் டிராக்டர் பாட்டரி ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். விளக்கு ஒயர் பழுக்கக் காய்ந்து உறை தீப்பிடிக்கும். பக்கத்திலேயே டீசல் டாங்க். ஏப்ரல் மாதக் கோதுமை அறுவடையில் சுற்றிலும் காய்ந்த வைக்கோல். நெருப்புக்கு வேறென்ன வேண்டும்?

முன்விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, இடது பின்விளக்குக்கு ஒன்று, வலது பின்விளக்குக்கு ஒன்று என்று தனித்தனி ஃப்யூஸ் போடுங்கள். ஒரு பக்கம் ஃப்யூஸ் போனாலும் மறு பக்கம் எரியும். டிராலி இருட்டில் மறையாது. பின்விளக்குக்கு 5 ஆம்பியர், முன்விளக்குக்கு 10 அல்லது 15. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம். ஃப்யூஸ் பெட்டி பாட்டரிப் பக்கம், கரண்ட் புறப்படும் இடத்தில் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் போட்டால், நடுவழியில் ஒயர் உடம்பைத் தொடும்போது அது உதவாது.

டைனமோவும் கட்-அவுட்டும்

டைனமோவில் இரண்டு முனைகள். 'டி' என்ற பெரிய முனையிலிருந்து கரண்ட் வெளியே வருகிறது. 'எஃப்' என்ற சிறிய முனை காந்தச் சுருளுக்குப் போவது. இரண்டும் கட்-அவுட் பெட்டிக்குப் போகின்றன. அந்தப் பெட்டிக்கு இரண்டு வேலை. எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ நிற்கும்போதோ பாட்டரி டைனமோவுக்குள் வடிந்துவிடாமல் இணைப்பைத் துண்டிப்பது ஒன்று. எஞ்சின் வேகமாக ஓடும்போது வோல்டேஜ் 14ஐ ஒட்டி நிற்கும்படி கட்டுப்படுத்துவது மற்றொன்று. பெட்டியின் எர்த் முனைக்குத் தனி ஒயர் போடுங்கள். பெட்டியைத் தாங்கும் தகடு பெயிண்ட் அடித்ததாக இருந்தால் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். பல்பு பல்பாகப் போகும். பழி பல்புக் கம்பெனி மேல் விழும்.

டைனமோ நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 'டி', 'எஃப்' இரண்டிலும் உள்ள ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் சேருங்கள். சேர்ந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவே வோல்ட்மீட்டர். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வேகத்தைச் சற்றே கூட்டினால் முள் ஆடாமல் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டுக்கு மேல் போக விடாதீர்கள். முள் ஏறவே இல்லை என்றால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

நீண்ட காலம் சும்மா கிடந்த டைனமோ தன் காந்தத்தை மறந்திருக்கும். பாட்டரி முனை மாற்றினாலும் அப்படித்தான். அப்போது, கழற்றிய 'எஃப்' முனையைப் பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரால் ஒரே ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். காந்தம் திரும்பி வரும்.

அந்தக் காலத்து டைனமோ கொடுப்பது ரகத்தைப் பொறுத்து 11இலிருந்து 22 ஆம்பியர் வரைதான். முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எல்லா விளக்கும் எரிந்தால் 12 ஆம்பியர். சின்ன டைனமோவுக்கு அதுவே அதிகம். அதன் தலையில் பெரிய ஹாலஜன் விளக்கு நான்கும் பாட்டுப் பெட்டியும் ஏற்றினால், காலையில் டிராக்டரைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட்டர்

ஸ்டார்ட்டர் சுழலத் தொடங்கும்போது முந்நூறு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். திரும்பும் வழியில், அதாவது பாட்டரியிலிருந்து உடம்புக்குப் போகும் பட்டையில், நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் என்ன ஆகும்? 300 ஆம்பியரை 0.01 ஓமால் பெருக்கினால் 3 வோல்ட். பாட்டரி தரும் 12இல் கால் பங்கு அந்தத் துருப்பிடித்த போல்ட்டிலேயே காலி! ஸ்டார்ட்டர் முனகும். நாம் புதுப் பாட்டரி வாங்க ஓடுவோம். புதுப் பாட்டரியும் இரண்டாம் மாதம் அதே பாட்டுத்தான் பாடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனைக் குமிழிலும், இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி கெட்டிருக்கிறது என்று பொருள். பட்டையைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கமாக மாட்டி, மேலே வாசலைன் தடவுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் ஓடாதபடி தடுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் பல டிராக்டர்களில் உண்டு. அது கெட்டால் இரண்டு ஒயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அதைவிட மோசம், கீழே நின்றபடியே ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டுக் கிளப்புவது. கியரில் இருந்தால் டிராக்டர் பாய்ந்து, நிற்பவர் மேலேயே ஏறும். புது ஒயரிங் போடும்போது அந்த ஸ்விட்சையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பின்விளக்கும் டிராலியும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிராலிக்குப் போகும் கரண்ட் திரும்பி வருவது எப்படி? பெரும்பாலான டிராலிகளில் எர்த் ஒயர் கிடையாது. டிராக்டரையும் டிராலியையும் இணைக்கும் கொக்கியின் ஆணி வழியாகத்தான் கரண்ட் திரும்ப வேண்டும். அந்த ஆணியில் ஒரு பக்கம் துரு, ஒரு பக்கம் கிரீஸ். சாலையில் குலுங்கும்போது ஒரு கணம் ஒட்டும், ஒரு கணம் விலகும். விளக்கு மின்மினியாகி, பிறகு அணைந்துவிடும். "பல்பு போட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று, நிற்பதில்லை" என்பார்கள்.

மங்கலாக எரிந்தால் பரவாயில்லை என்றும் நினைக்கக் கூடாது. பல்புக்கு ஒரு குணம் உண்டு. 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் வந்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறைவதில்லை, ஏறக்குறைய பாதியாகிவிடும். 9 வோல்ட் என்றால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிஞ்சும். மூடுபனியில் அது இருந்தும் இல்லாத விளக்கு.

ஆகவே டிராலிக்கு ஏழு முனை பிளக் போட்டு, மூன்றாம் எண் முனையில் எர்த்துக்கென்றே தனி ஒயர் கொண்டு போங்கள். அந்த ஒயர் டிராலியின் முன்பகுதியோடு நிற்காமல் ஒவ்வொரு விளக்கின் அடிப்பகுதி வரை போக வேண்டும். ரயில் பெட்டியில் செய்வது போலப் போக ஒன்று, வர ஒன்று. ஒயருக்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேல் போகாது. டிராக்டரின் மட்கார்டு விளக்குகளுக்கும் இதே யோசனைதான்: தகட்டை நம்பாதீர்கள், கறுப்பு ஒயர் ஒன்றை எஞ்சின் வரை இழுத்துவிடுங்கள்.

கரும்பு டிராலியில் இன்னொரு சங்கடம். கரும்பு பின்னால் நான்கைந்து அடி நீட்டிக்கொண்டு தொங்கும். விளக்கு எரிந்தாலும் தோகைக்குள் மறைந்துவிடும். இதற்காக ஒவ்வொரு பின்விளக்குக்கும் இரண்டு மீட்டர் ஒயர் மிச்சம் விட்டு, கொக்கி வைத்த பட்டையில் விளக்கைப் பொருத்திக் கொடுத்தேன். சுமை ஏற்றியபின் கரும்பின் வெளிநுனியில் கட்டித் தொங்கவிடலாம். இறக்கியபின் டிராலியில் மாட்டிக்கொள்ளலாம். இந்த விளக்குகளை எல்.இ.டி. ஆகப் போட்டால் அதிர்வில் இழை அறுவதில்லை. கரண்டும் மிகச் சொற்பம். ஆனால் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது. பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் கவனம் வேண்டும். கூடவே சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டிவிடுங்கள். அதற்கு ஒயரும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். வண்டி பழுதாகி நடுச்சாலையில் நின்றாலும் வருகிறவர் விளக்கில் அது ஒளிரும்.

முதன்முறை கரண்ட் கொடுக்கும்போது

எல்லாம் முடிந்ததும் பாட்டரியை நேரே இணைக்காதீர்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கட்டும். பாட்டரியின் எர்த் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைக் கோத்து விடுங்கள். பல்பு எரியாவிட்டால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒயர் உடம்பைத் தொடுகிறது. பல்பு எரியுமே தவிர ஒயர் கருகாது. நிதானமாகத் தேடலாம். பிறகு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பாருங்கள். பின்விளக்கைப் போட்டால் கோத்த பல்பு லேசாகத் தணல் போல் தெரியும், அவ்வளவுதான். எல்லாம் சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு நேரே இணைக்கலாம்.

கடைசியாக, எல்லா விளக்கையும் போட்டு, ஒவ்வொரு விளக்கின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பாட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. டிராலியின் கடைசி விளக்கிலும் அப்படியே வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

சௌத்ரியின் டிராக்டரை முடிக்க எனக்கு இரண்டு நாளும், சிறு உதவிக்கு அவருடைய பேரனும் தேவைப்பட்டது. அன்று மாலை இருட்டியதும் பேரனை டிராக்டரில் உட்கார வைத்து விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, சௌத்ரியை மட்டும் சாலையில் இருநூறு அடி பின்னால் நடத்திப் போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "இப்போது அணை" என்று குரல் கொடுத்தேன். டிராலி இருந்த இடமே தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தன் தம்பியின் டிராலியையும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அரவை தொடங்குவதற்கு முன், நவம்பரிலேயே, உங்களுக்குத் தெரிந்த விவசாயி ஒருவரிடம் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது தொழுவத்தில் நிற்கும் டிராக்டரின் பின்பக்கத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். படம் வரைவதில் சந்தேகம் உள்ளவர்கள் மாதக் கூட்டத்தில் காபி நேரத்தில் நோட்டுடன் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிடலாம்.